அடைக்கலராஜின் குளிர்ந்த கல்

ராஜகிரி மலையின் பாறைகள் இறங்கி வந்து செஞ்சிக்குள் குடியேறியது 1966ஆம் வருஷம் மாசி மாதத்தில். ஒரு கோழியைக்கூட நசுக்காமல், ஒரு கூரையைக்கூட உரசாமல், தெருவிலே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று, இருபது வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று வீட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. உரல் அளவில் சில, கன்றுக்குட்டி அளவில் சில. முதல் வாரம் ஊர் பயந்தது. இரண்டாம் வாரம் துணி காயப்போட்டது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. உடையவருக்கு உடம்பில் ஆசை வந்தால் கல் சூடாகும். ஆசை அடங்கினால் ஆறும். வெயில் ஏறினால் செஞ்சியில் எல்லாக் கல்லும்தான் கொதிக்கும் என்பதால், விடிவதற்கு முன்னால் தொட்டுப் பார்த்தவர்களுக்கே உண்மை தெரிந்தது. விடிவதற்கு முன்னால் தொட்டுப் பார்க்காதவர் ஊரில் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படித் தொட்டதில் ஊர் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சநஞ்சம் அல்ல. எழுபது தாண்டிய கோதண்டராமன், மீனம்பாள் தம்பதியின் கற்கள்தான் தெருவிலேயே அதிகச் சூடு. பிள்ளைகள் வெட்கப்பட்டு ஓலைத் தட்டி வைத்து மறைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தட்டிக்குள் கையை விட்டு வடாம் காயவைத்து எடுத்தாள். குமாஸ்தா அரிகிருஷ்ணன் மனைவியின் கல் சண்டை போட்ட பிறகு மட்டும் சூடாகும் என்று தெரிந்ததும், அந்த வீட்டில் சண்டைக்குப் பஞ்சமே இல்லாமல் போனது. சோடாக்கடை சர்தாரின் கல், திண்டிவனம் பஸ் வந்து நின்று டிரைவர் இறங்கும்போது சூடாகும், பஸ் கிளம்பினால் ஆறும். டிரைவர் வெளியூர்க்காரன், அவனுக்கும் ஒரு கல் வந்திருந்தால் எப்படிக் கிடந்திருக்குமோ தெரியாது. சர்தாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கமர் ஜஹான் ஒரு வாரம் அவனுக்குச் சோறு போடவில்லை, பிறகு டிரைவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பினாள். இட்லிக்கடை நாகம்மாளும் ராஜாம்பாளும் பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்தவர்கள். அவர்களுடைய கற்கள் தாமாக நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தெரு ஆண்கள் கடப்பாரை போட்டுப் பிரித்தார்கள். காலையில் மறுபடி ஒட்டியிருந்தன. அடுத்த முறை கடப்பாரை வளைந்தது. அதற்குள் பசி வந்துவிட்டது, ஊருக்கு இட்லி வேண்டியிருந்தது, விட்டுவிட்டார்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அடைக்கலராஜின் கல், வீட்டுக் கொல்லையில் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. அவனுக்கு இருபத்தெட்டு வயது. தினமும் எழுந்ததும் முதல் வேலையாகப் போய் அதன்மேல் உள்ளங்கையை வைப்பான். கிணற்றுக் கல்லைப் போல ஜில்லென்றிருக்கும். மாசியும் பங்குனியும் போய்விட்டன. அது ஒருநாளும் சூடாகவில்லை. லில்லியையோ அவன் உயிராக நினைத்திருந்தான். சைக்கிள் பழக வேண்டும் என்று துணிந்து கேட்டு வந்தவள் அவள். கடையைச் சாத்திவிட்டு கிருஷ்ணகிரி மலை அடிவாரம் வரைக்கும் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவன் அவன். அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பாவி மனுஷன், தன்னிடம் ஏதோ உடைந்திருக்கிறது என்றே நம்பினான்.

ஈஸ்டர் முடிந்து கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பேரை வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார்; மூன்றாம் ஓலையும் தாண்டினால் கல்யாணம். கல் வந்த பிறகு உபதேசியார் இதில் ஒரு வழக்கத்தைச் சேர்த்திருந்தார். மூன்றாம் ஓலைக்கு முன்னால், விடியும் வேளையில், பெரியவர்கள் போய் மாப்பிள்ளையின் கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும். லில்லியின் அப்பா ஜோசப்ராஜுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த ஞாயிறு கிழக்கு வெளுக்கும்போது அடைக்கலராஜ் கல்லைச் சுற்றிக் கொட்டாங்கச்சிக் கரியைக் குவித்து விசிறிக்கொண்டிருந்தான். பூசைக்குப் புறப்பட்ட லில்லி புகையைப் பார்த்துக் கொல்லைக்கு வந்தாள்.

"இன்னா பண்றீங்க?"

"இது சூடாவ மாட்டேங்குது லில்லி. நெருப்பு வெச்சும் ஆவல. உன்னையே நெனச்சிகினு உக்காந்து பாத்தேன், அப்பவும் ஜில்லுனுதான் இருக்குது. உன்ன எனக்கு அவ்ளோ புடிக்கும். ஆனா அந்த ஆசை... யார் மேலயும் எனக்கு வந்ததில்ல. வேணாம்னு சொல்லிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

லில்லி குனிந்து கல்லின்மேல் கையை வைத்தாள்.

"என் கல்லு சூடாவுதே. அதுக்கு இன்னா பண்றது?"

முதல் மணி அடிக்கும்வரை இருவரும் கொய்யா மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு எல்லாம் தெரியும், அந்தப் பேச்சு மட்டும் தெரியாது. பேசி முடித்ததும் அவள் ஒரு குச்சியால் கரியையெல்லாம் தள்ளிவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

பெரியவர்கள் வந்து தொட்டார்கள், ஜில்லென்றதும் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்கள். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்த புதிது. சாமியார் ஓலை வாசித்துத் தடை உண்டா என்று கேட்டது எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது. பெண்ணைப் பெற்ற ஜோசப்ராஜே எழுந்து நின்றார்.

"தடை இருக்குது சாமி. பையன் கல்லு பச்சத்தண்ணியா இருக்குது."

பெண்கள் பக்கத்திலிருந்து லில்லி எழுந்தாள்.

"சூடு வேணும்னா ஊட்ல அடுப்பு இருக்குது நைனா. எனக்கு இவரு வேணும். எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறேன்."

சாமியார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கல்லைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது.

லில்லியின் கல் பிறந்த வீட்டிலிருந்து தானே உருண்டு வந்து, அவன் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சூடாகிற நாளில் சூடானது. அதை அவள் மறைக்கவும் இல்லை, அவன்மேல் பழி போடவும் இல்லை. சில நாள் அழுதாள். அப்போதெல்லாம் அவன் கடைக்குப் போகாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மற்ற நாட்களில் அந்த வீட்டிலிருந்து வந்த சிரிப்பு பஸ் நிலையம்வரை கேட்டது. கல்யாணமான மறு வாரமே அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். உச்சி வெயிலில் மலையே தகிக்கும்போதும் அவன் கல் ஜில்லென்றே இருந்தது. தண்ணீர்ப் பானையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். அடுத்த வருஷம் தெருவே பானையோடு வந்தது. மீனம்பாள் மோர்ச்சட்டியையும், ராஜாம்பாள் இட்லி மாவையும் கொண்டுவந்து வைத்தார்கள். சர்தார் சோடாவைக் கூடையோடு இறக்கினான். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து அதன்மேல் கிடத்தினார்கள். அத்தனை பேர் வந்து போயும், காலையில் எழுந்ததும் கல்லைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் அடைக்கலராஜை விடவில்லை. உள்ளங்கை குளிர்ந்ததும் அவன் முகம் சுருங்குவதை லில்லி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

1969 அக்கினி நட்சத்திரத்தில் காக்கை மயங்கி விழுந்தது. மூன்று வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காத ஜோசப்ராஜ், ஒரு மத்தியானம் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனார். சட்டையைக் கழற்றிவிட்டு மருமகன் கல்லில் முதுகைச் சாய்த்தார். ஐயோ என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இவ்ளோ நாளு சொல்லாம விட்டியேம்மா," என்று மகளைக் கோபித்துக்கொண்டார். பிறகு, சாப்பிடக் கடையிலிருந்து வந்திருந்த மருமகனைப் பார்த்துச் சற்று நகர்ந்து இடம் விட்டார். "உக்காரு மாப்ள. உன் கல்லுதான?"

அடைக்கலராஜ் உட்கார்ந்தான். மறுநாள் காலையில் எழுந்ததும் பல் விளக்கி, காப்பி குடித்து, கடை திறக்கப் போய்விட்டான். கல்லைத் தொட்டுப் பார்க்க மறந்துபோயிருந்தான்.