பின் சக்கரத்தின் எண்

கூலாய் ஊரைத் தாண்டியதும் மோட்டார் சைக்கிளின் திரையிலிருந்து பின் டயரின் எண் மறைந்தது. நாற்பத்திரண்டு இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். முன் டயரின் எண் அப்படியே இருந்தது.

சிவகணேசன் முன்னே பார்த்தார். நண்பர் தோமஸ் தன் மோட்டாரில் ஒரு லோரியை முந்திக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். சிவகணேசனும் லோரியை முந்தி அவர் பின்னால் வந்து சேர்ந்தார். நாற்பத்திரண்டு திரும்பி வந்தது.

முதல் தடவை அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை யோசித்தார். மூன்றாம் தடவை வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துத் தோமஸைப் போகவிட்டார். கோடுகள். நெருங்கினார். நாற்பத்திரண்டு.

தோமஸ் பக்கத்தில் இருந்தால் மட்டும் அவருடைய பின் டயரில் காற்று இருந்தது.

காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்வது சிவகணேசனின் வேலை. எரிந்த கடையைப் பார்க்கப் போனால் முதலில் கடைக்காரரின் முகத்தைத்தான் பார்ப்பார். ஒன்றுக்குக் காரணம் தெரியாதவரை அவருக்குச் சோறு இறங்காது.

காரணத்தைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு மோட்டார்களும் ஒரே ரகம். இருவரும் சேர்ந்து போய் வாங்கியவை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சிறிய சென்சர் உண்டு. டயரின் காற்றழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்புவது அதுதான். போன மாதம் தோமஸின் பின் சக்கர சென்சர் பேட்டரி தீர்ந்து செத்துப்போனது. புலம்பிக்கொண்டிருந்தார். போன வாரம் சிவகணேசனுக்கு வெளியூர் வேலை. புது டயர் மாற்ற அவருடைய மோட்டாரைக் கடைக்குக் கொண்டுபோனது தோமஸ். வேலை முடிந்தும் அது தோமஸ் வீட்டில்தான் நின்றது. இன்று காலை பார்த்தபோது தோமஸின் திரையில் இரண்டு எண்களும் பளிச்சென்று தெரிந்தன.

செத்ததை என் சக்கரத்தில் போட்டுவிட்டு, என்னுடையதைத் தன் சக்கரத்துக்கு எடுத்துக்கொண்டார். என் மோட்டார் இன்னும் அதைத்தான் கேட்கிறது. டயரைக் கழற்றாமல் யார் பார்க்க முடியும்?

கணக்கு ஒத்துவந்தது. சிவகணேசனுக்கு நெஞ்சில் ஏதோ லேசானது. அது ஏன் என்று அவருக்குத் தெரியும்.

அவர்கள் சாஆ என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது தோமஸின் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு. தோமஸின் மகன் ரொனால்டும் சிவகணேசனின் மகள் சிந்துஜாவும் காரில் முன்பே போய்விட்டார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். சாப்பிட்டு முடித்ததும் சிவகணேசன் தன் பதிலைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. ஆனால் மதத்தைக் காரணம் காட்டக் கூச்சமாக இருந்தது. எல்லா கிறிஸ்துமஸுக்கும் தோமஸ் வீட்டில் சாப்பிட்டவர். வேறு ஒரு காரணம் கிடைத்தால் நல்லது என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது கிடைத்துவிட்டது.

பாலோவில் ஒரு காப்பிக்கடையில் நிறுத்தினார்கள். தோமஸ் ஹெல்மெட்டை மேசையில் வைத்தார். நெற்றியில் இன்னும் குங்குமம். காலையில் ஜொகூர் பாருவில் கோயில் வாசலில் மோட்டார்களை வரிசையாக நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டபோது, தோமஸும் தன்னுடையதைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தியிருந்தார். மாதா ஒண்ணும் சொல்லமாட்டாங்க என்று ஐயரிடமே சொல்லிச் சிரித்தார்.

"என்ன கணேசன், வழியெல்லாம் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்ற? சம்பந்தி ஆவுறதுக்கு முன்னாடியே பாசம் பொங்குதா?"

சிவகணேசனின் பின்னால் உட்கார்ந்து வந்த அவர் மனைவி யோகம் சிரித்தார்.

"உன் சென்சர் செத்துப்போச்சுன்ன" என்றார் சிவகணேசன்.

"ஆமா. இப்ப உசுரு வந்துருச்சு லா."

"எப்படி?"

"சிங்கப்பூர்ல வேலை முடிஞ்சு வரும்போது புதுசு வாங்கிப் போட்டேன். ஏன், ரெசிட் வேணுமா?"

"இருந்தா காட்டு."

தோமஸ் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"என்னங்க இது" என்றார் யோகம்.

"நீ பக்கத்துல இருந்தா என் பின் டயர் நம்பர் தெரியுது. நீ தள்ளிப்போனா காணாமப்போவுது. என்னோட சென்சர் இப்ப யார் சக்கரத்துல இருக்கு, தோமஸ்?"

தோமஸ் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உன் மோட்டார் என் வீட்டுல நின்னப்ப, மழை பட்டுரும்னு என்னோடத வெளிய தள்ளிட்டு உன்னோடத உள்ள விட்டேன். அப்பதான் திருடினேன்னு நினைக்கிற."

"கேட்டேன். அவ்ளோதான்."

"நீ கேக்கல லா. முடிவு பண்ணிட்டு வந்திருக்க."

தோமஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். காப்பி பாதி மிச்சமிருந்தது.

பாலோவை விட்டதும் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். திரையில் கோடுகள். தோமஸ் கண்ணுக்கே தெரியவில்லை.

"தோமஸ் அண்ணன் அப்படிச் செய்யமாட்டாரு" என்று யோகம் பின்னாலிருந்து கத்தினார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆபீஸ்ல தெனம் கேக்குறேன்."

"நான் உங்க ஆபீஸ்ல இல்ல."

சிவகணேசன் சாப்பாட்டு மேசையில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினார். குடும்பம் என்றால் நம்பிக்கை முக்கியம். அப்படித் தொடங்கலாம். குரலை உயர்த்தக் கூடாது.

ஒரு வளைவில் மோட்டாரின் பின்பக்கம் வழுக்கியது.

"ஏங்க, ஆடுது!"

அவர் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைத்து, புல்லோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். யோகம் இறங்கி, தள்ளிப்போய் நின்றார். பின் டயர் சப்பையாகி, ரிம் தரையைத் தொடுவதுபோல இருந்தது. அந்த வளைவில் இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் இருவரும் எதிரே வரும் செம்பனை லோரிக்கு அடியில் போயிருப்பார்கள்.

காற்றடிக்கும் பம்ப் தோமஸின் பெட்டியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். யோகம் கணவரைக் கேட்காமல் கைப்பேசியை எடுத்தார்.

"அண்ணே, பின் டயர் போயிருச்சு. கொஞ்சம் வாங்கண்ணே."

சாவியைத் திருப்பித் திரையைப் பார்த்தபடி சிவகணேசன் காத்திருந்தார். கோடுகள். தோமஸின் மோட்டார் வரும் சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை. அது மெதுவாகி, பக்கத்தில் உருண்டு வந்து நின்றது.

திரையில் நாற்பத்திரண்டு.

கீழே சப்பையான டயர். மேலே நாற்பத்திரண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் பின் டயர்ல எவ்ளோ இருக்கு?" என்றார் கடைசியில்.

தோமஸ் தன் திரையைப் பார்த்தார். "நாப்பத்திரண்டு."

யோகத்துக்குத்தான் முதலில் புரிந்தது.

"காலையில கோயில் வாசல்ல சென்சரை ரீசெட் பண்றேன்னு குந்திக்கிட்டு இருந்தீங்களே. அப்ப அண்ணனும் பக்கத்துல குந்திக்கிட்டு தன் டயர்ல காத்த எறக்கிக்கிட்டு இருந்தாரு."

சிவகணேசனுக்கு நினைவு வந்தது. புது டயர் போட்டால் மோட்டாருக்குச் சென்சரை மறுபடி அடையாளம் காட்ட வேண்டும். ரீசெட்டை அமுக்கிவிட்டு டயரில் கொஞ்சம் காற்றை வெளியேற்றினால் சென்சர் தன் இருப்பைச் சொல்லும். மோட்டார் ஒரு பீப் அடித்து ஏற்றுக்கொள்ளும். பின் டயருக்கு வந்தபோது, அவர் சாவி முனையால் வால்வைத் தொட்டதுமே பீப் வந்தது. எவ்வளவு சுலபம் என்று நினைத்தார். அதற்குள் ஐயர் கற்பூரத்தோடு வந்துவிட்டார். எழுந்து கும்பிட்டார்.

"அலமாக்" என்றார் தோமஸ். "காத்து கூடிப்போச்சுன்னு அப்பதான் கொஞ்சம் எறக்கினேன். உன் மோட்டாரு என் டயர் சென்சரப் பிடிச்சிக்கிச்சு."

அவர் குந்தி, விரலில் எச்சில் தொட்டு வால்வில் வைத்தார். ஒரு குமிழ் மெல்ல ஊதிப் பெருத்து உடைந்தது.

"மண்ணு மாட்டியிருக்கு. மூடி எங்க?"

சிவகணேசன் சட்டைப் பையில் கைவிட்டார். காலையில் கழற்றிய மூடி அங்கே இருந்தது.

தோமஸ் வால்வைச் சுத்தம் செய்து பம்பை மாட்டினார். டயர் எழுந்தது. திரையில் நாற்பத்திரண்டு அசையாமல் நின்றது. பிறகு அவர் தன் மோட்டாரில் ஏறினார்.

"எங்க போற?"

"நான் பக்கத்துல இருந்தா மறுபடியும் என்னோடதத்தான் பிடிக்கும். அந்த வளைவுல நிக்குறேன். நீ ரீசெட் பண்ணு."

அவர் போனதும் கோடுகள் வந்தன. சிவகணேசன் ரீசெட்டை அமுக்கினார். இந்தத் தடவை வால்வை நன்றாக அழுத்திப் பிடித்தார். காற்று சீறியது. பீப். முப்பத்தாறு. மூடியைத் திருகி, இன்னொரு முறையும் இறுக்கினார்.

வளைவில் தோமஸ் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தார்.

"தோமஸ், நான் அங்க வந்து…"

"இன்னிக்கு அங்க ஒண்ணும் சொல்லாத" என்றார் தோமஸ். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ சரின்னாலும் நான் யோசிக்கணும். என் மவன் உன் வீட்டுல வந்து போயிக்கிட்டு இருப்பான். ஒரு நாளு ஒரு கரண்டி காணோம்னா, நீ மொதல்ல யார் மூஞ்சியப் பாப்ப?"

சிவகணேசன் கண்ணைத் திரைக்குத் தாழ்த்தினார்.

"வாங்க. சாப்பாடு ஆறிடும்" என்றார் தோமஸ்.

தோமஸ் முன்னால் போனார். செம்பனைகளுக்கு நடுவே சிறிதாகிக்கொண்டே போனார். திரையில் முப்பத்தாறு அசையவில்லை. இனி தோமஸ் எவ்வளவு தூரம் போனாலும் அது மறையாது.

சிவகணேசன் வேகத்தைக் கூட்டினார்.