கோட்டைக்குள் ஒரு போக்குவரத்து நெரிசல்

கிளம்பவேண்டிய வாரத்தில் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். இந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டவன் அவன். ஊர் ஊராக வரைபடத்தில் கோடு போட்டவன் அவன். விடுதி அறைகளைப் பிடித்தவனும் அவன்தான். மனைவிக்குப் பழைய கோட்டைகள் என்றால் உயிர். தங்கைக்குப் புதுப்புதுக் கட்டடங்கள் என்றால் உயிர். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், காலையில் கோட்டை, மாலையில் கட்டடம் என்று காட்டிவிட்டால் ஒரே செலவில் இரண்டு பேரிடமும் நல்ல பேர் வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றான்.

அண்ணியும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கம் இல்லை என்பதுதான் உண்மை. வீட்டில் எல்லோரும் சின்னு என்று கூப்பிடும் தங்கை, பல் மருத்துவர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிக்கொண்டிருப்பவள். அண்ணி போக்குவரத்துக் காவலர். நாள் முழுக்க நாற்சந்தியில் நின்று கையாலேயே பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்காதவள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் அண்ணி." இத்தனை வருஷத்தில் பேச்சு அதைத் தாண்டிப் போனதில்லை. மீதியை எல்லாம் நடுவில் இருந்த அண்ணன் பேசிவிடுவான்.

ரயிலில் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். முதல் கோட்டையை அண்ணி பார்த்தாள், சின்னு காப்பி குடித்தாள். முதல் கட்டடத்தைச் சின்னு படம் எடுத்துத் தள்ளினாள், அண்ணி வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். சாயங்காலமானால் அண்ணனிடமிருந்து போன் வரும். "எப்படிப் போகுது?" என்பான். இரண்டு பேரும் ஒரே குரலில், "நல்லாப் போகுது" என்பார்கள்.

அடுத்த ஊரின் கோட்டை ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. அகழியில் தண்ணீர் வற்றிப் புல் முளைத்திருந்தது. சமையற்கூடத்து அடுப்புக்குள் ஒரு காரையே நிறுத்தலாம். அண்ணி ஒவ்வொரு கல்லையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய முகம் சந்தியில் நிற்கும் முகமாகவே இல்லை. பின்னால் நடந்துவந்த சின்னு மதிலை அண்ணாந்து பார்த்து, பொழுது போகாமல் சொன்னாள்:

"மேல்விளிம்பைப் பாருங்களேன் அண்ணி. ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்கின பல்லு மாதிரியே இருக்கு. என்கிட்ட வந்திருந்தா எல்லாத்தையும் கட்டிக் குடுத்திருப்பேன்."

அண்ணியின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "கட்டிட்டா அம்பு எந்த வழியா விடுறதாம்?" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான்.

கோபுரத்துக்கு ஏறும் படிகள் சுழன்று சுழன்று போயின. ஓர் ஆள் போகும் அகலம்தான். கைப்பிடிக்குப் பதில் சுவரோரமாக ஒரு தடித்த கயிறு. பாதி ஏறியதும் முன்னால் போனவர்கள் நின்றார்கள். மேலேயிருந்து ஒரு பெருங்கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. கீழேயிருந்தோ ஏறுகிறவர்கள் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் முட்டிக்கொண்டன.

"வழி விடுங்கம்மா!"

"எங்க விடுறது? சுவத்துக்குள்ளயா?"

ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பருத்த மனிதர் ஒருவர், "நான் திரும்பவே முடியாதுங்க" என்று மூச்சு வாங்கினார். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவருக்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது. சின்னு கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அடைசலான இடம் அவளுக்கு ஆகாது. அண்ணனைத் தவிர யாருக்கும் அது தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு ஒரு படி மேலே நின்ற அண்ணி திரும்பிப் பார்த்தாள். சின்னுவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பக்கச் சுவரைப் பார்த்தாள். அங்கே அம்பு எய்வதற்காக ஒரு சிறிய அறை, கதவில்லாமல் திறந்து கிடந்தது.

அண்ணி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். கல்லில் மோதி அது கோபுரம் முழுக்கச் சுற்றியது. அழுத குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது.

"மேல இருக்கறவங்க அப்படியே நில்லுங்க! யாரும் அடி எடுத்து வைக்கக் கூடாது. கீழ இருக்கறவங்க பின்னாடியே இறங்குங்க. அவசரமில்ல, கயித்தப் பிடிச்சுக்கிட்டு. நடுவுல இருக்கறவங்க மட்டும் இந்த ரூமுக்குள்ள வாங்க. நீங்க முதல்ல வாங்கய்யா, மூச்சு வாங்கிக்குங்க."

சத்தமான குரல் இல்லை. ஆனால் மறுத்துப் பேசத் தோன்றாத குரல். வலது உள்ளங்கை மேலே பார்த்து நிற்க, இடது கை கூட்டத்தை வளைத்து அறைக்குள் அனுப்பியது. அந்தக் கை சொன்ன பக்கம் எல்லோரும் போனார்கள். அறைக்குள் நுழைந்த சின்னு அம்புத் துளையில் முகத்தை வைத்துக் காற்றைக் குடித்தாள்.

அடைப்பு விட்டது. மேலேயிருந்தவர்கள் வரிசையாக இறங்கிப் போனார்கள். ஓர் இளம் தம்பதிக்குப் பின்னால் அண்ணி கையைக் குறுக்கே போட்டாள். "இத்தோட போதும். அடுத்தவங்க மேலயே இருங்க." பிறகு சின்னுவின் பக்கம் கையை நீட்டி, "உன் சால்வையைக் குடு" என்றாள்.

"எதுக்கு அண்ணி? அது பட்டு!"

"குடும்மா, சொல்றேன்."

மஞ்சள் சால்வை அந்தத் தம்பதியின் கைக்குப் போனது. "கீழ வாசல்ல குடுங்க. இது வந்து சேர்ந்தாத்தான் ஏறணும்னு சொல்லுங்க. ஏறுற கூட்டத்துல கடைசி ஆளு கையில இதைக் குடுத்து அனுப்பச் சொல்லுங்க." சின்னுவிடம் தணிந்த குரலில் விளக்கினாள்: "ரோட்டுல பாதியத் தோண்டிப் போட்டிருந்தா இப்படித்தான் செய்வோம். கடைசி வண்டிக்காரன் கையில ஒரு கொடி. நீ மேல போ. சால்வை வர்ற வரைக்கும் ஒருத்தரையும் இறங்க விடாதே. வந்ததும் இறங்குறவங்கள்ல கடைசி ஆளு கையில குடுத்து அனுப்பு."

"நானா?"

"அங்க நல்லாக் காத்து வரும்" என்றாள் அண்ணி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

உச்சியில் வானம் அகலமாக இருந்தது. கீழே ஆறும் கூரைகளும் சாலைகளும் கையகலத்தில் கிடந்தன. சின்னு படி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் சால்வை வரலைங்க. படம் எடுத்துக்கிட்டு இருங்க. அங்க பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு!" ஏறி வந்த பாட்டியம்மா ஒருத்தி சால்வையை மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது உச்சியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அடுத்த முறை அது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் தலைப்பாகையாக வந்தது. சால்வையைத் தூக்கி வருவது ஒரு பெருமையாகிவிட்டது. அதற்காகவே கடைசியில் போகிறேன் என்று ஆட்கள் போட்டி போட்டார்கள். கீழேயிருந்து அவ்வப்போது விசில் கேட்டது. சின்னுவும் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

வெகுநேரம் கழித்துக் கோட்டைக் கண்காணிப்பாளர் மூச்சிரைக்க ஏறி வந்து, அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நாளைக்கும் வருவீங்களாம்மா?"

"லீவுல வந்திருக்கேங்க" என்றாள் அண்ணி. "ஒரு கொடி வாங்கிக்கிடுங்க. இது என் நாத்தனாரோட சால்வை."

குன்றிலிருந்து இறங்கும்போது சின்னு வாயை மூடவேயில்லை. கொடியை யார் கண்டுபிடித்தார்கள், மழையில் எப்படி நிற்பீர்கள், ஆம்புலன்ஸ் வந்தால் முதலில் எந்தப் பக்கத்தை நிறுத்துவீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அண்ணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கேட்காததற்கும் சொன்னாள். ஒரு மந்திரியின் காரை நிறுத்திவிட்டு வாத்துக்கூட்டத்தைக் கடக்க விட்ட கதையைச் சொன்னபோது சின்னு சாலையோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் ஏன் அண்ணி வீட்டுல சொன்னதே இல்ல?"

"யாரும் கேக்கலையேம்மா."

மாலையில் ஆற்றங்கரையிலிருந்த புதிய நூலகத்துக்குப் போனார்கள். வெள்ளைச் சுவர்; கண்ணாடிக் கூரை; உள்ளே ஒரு படிக்கட்டுகூடக் கிடையாது. அகலமான சாய்தளம் ஒன்று தரையிலிருந்து உச்சிவரை வளைந்து ஏறியது. அதைப் பின்னிக்கொண்டே இன்னொன்று வளைந்து இறங்கியது. இரண்டும் எந்த இடத்திலும் சந்திக்கவில்லை. அண்ணி வாசலில் உட்காரவில்லை. தரைத்தளத்தின் நடுவில் நின்று, அண்ணாந்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சின்னு, பாத்தியா? ஏறுறவங்க ஏறிக்கிட்டே இருக்காங்க, இறங்குறவங்க இறங்கிக்கிட்டே இருக்காங்க. எங்கயுமே முட்டல. சிக்னல் வேணாம், ஆளு வேணாம். இதைக் கட்டினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

அவளுடைய கண் கலங்கியிருந்தது. கட்டடங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்த சின்னுவுக்கு, ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு அண்ணியின் கையைப் பிடித்தாள்.

உச்சிக்கு ஏறியபோது அண்ணன் கூப்பிட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மந்திரி, வாத்து, சாய்தளம் என்று அவன் காதில் எதுவும் பிடிபடவில்லை. "ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்களேன்!" என்று கத்தினான்.

"உங்களுக்குப் புரியாதுங்க, அப்புறம் பேசறோம்" என்று அண்ணி போனை வைத்துவிட்டாள்.

இறங்கும் சாய்தளம் ஆளில்லாமல் வழவழவென்று கீழே வளைந்து போனது. அதைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஓடலாமா அண்ணி?"

"வயசென்ன ஆச்சு நமக்கு?" என்று கேட்டுக்கொண்டே அண்ணிதான் முதலில் ஓடினாள்.

சரிவு காலைத் தள்ளிக்கொண்டு போனது. புத்தக அடுக்குகளும் ஜன்னல்களும் ஆறும் மாறி மாறிச் சுழன்றன. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கையைக் கோத்தபடி, ஒரு காவலாளியின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றார்கள்.

"இங்க ஓடக்கூடாதும்மா" என்றார் அவர் கண்டிப்பாக. "எவ்வளவு வேகமா வர்றீங்க!"

அண்ணி மூச்சு வாங்கக் கை குவித்தாள். "தெரியாமப் பண்ணிட்டோம் சார். இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

சின்னு சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, மெதுவாப் போங்க" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு, நல்ல பிள்ளைகளாக, வளைவு வரைக்கும் நடந்தார்கள். வளைவு தாண்டியதும் மறுபடியும் ஓட ஆரம்பித்தார்கள்.