சுறாநெய் பூசிய இசைப்பேழை

மேற்கே அனலைதீவின் பனைவரிசை கருங்கோடாய் நீண்டு கிடக்க, சாயும் பொழுதின் செம்மை ஆழமற்ற கடற்பரப்பெங்கும் விரிய, வலை வளைத்துக் களைத்த தோணிகள் கரையேறி ஒருக்களித்து ஓய்ந்திருக்க, கரம்பொன் மாதா கோயிலின் மணி திருநாள் மாலையை அறிவித்து ஒலித்தது. இசைச்சுவை அறிந்த பெரியோரே, அன்று அவ்வூரார் நல்லாடை உடுத்துக் கோயில் முன்றிலில் திரண்டது வழிபாட்டிற்காக மட்டுமன்று. மேனாட்டுப் பேரரங்குகளில் நெடுங்காலம் வாசித்துப் புகழ்கொண்ட தம்மூர் மகள் எமிலியின் இசையை முதன்முறையாகக் கேட்கவும் அவர்கள் வந்திருந்தனர்.

எமிலி கடற்றொழிலாளர் குடியில் பிறந்தவள். யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில், பியானோ என்று உலகோர் வழங்கும் இசைப்பேழையின் முன் விளையாட்டாய் அமர்ந்த சிறுமியின் விரல்களில் உறங்கிய ஆற்றலைக் கண்டு துறவியர் அவளை விடாது பயிற்றினர். தந்தையைக் கடல் கொண்டபோது, அவள் படிப்பு அறுந்துபோகாதிருக்கத் தம் படிப்பை விட்டு வள்ளம் ஏறியவர் அவள் தமையனார் பஸ்ரியாம்பிள்ளை. தங்கை கடல் கடந்து, பயின்று, அரங்கேறி, பாராட்டுப் பெற்ற ஆண்டுகள் எல்லாம் அவருக்குக் கடலிலேயே கழிந்தன. தொலைபேசி வழியே ஒருமுறை கேட்ட இசையோ, தகரம் உருள்வதுபோல் இருந்ததாம். அதை அவர் தங்கையிடமே சொல்லிச் சிரித்தார்.

ஓய்வுபெற்ற எமிலி சென்ற ஆண்டு தன் பேழையோடு ஊர் திரும்பினாள். திருநாளில் மாதாவின் திருவுருவைத் தாங்கும் இளைஞர்களே அதனையும் தோளேற்றி, திருவுருவுக்குச் செய்யும் வழக்கம் மாறாமல் ஒருமுறை கடலை நோக்கித் திருப்பிக் காட்டிய பிறகே கோயில் மண்டபத்துள் வைத்தனர். அவளும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டு, நகம் வெட்டாமல் வருவோரைக் கடிந்துகொண்டு, மனநிறைவோடு வாழ்ந்தாள். ஒரே ஒரு வேட்கை மட்டும் எஞ்சியிருந்தது. தன்னை ஆளாக்கிய தமையனார் முன்வரிசையில் அமர்ந்து தன் இசையைக் கேட்க வேண்டும். அவரோ கூச்சம் மிக்கவர். படித்தவர் நடுவே தமக்கு என்ன வேலை என்று நழுவிக்கொண்டே இருந்தவர், இத்திருநாளுக்குத்தான் ஒருவாறு இசைந்தார்.

மக்கள் உள்ளே வருமுன் விரல்களைப் பழக்கிக்கொள்ளச் சென்ற எமிலி, பேழையின் மூடியைத் திறந்தவுடன் திகைத்து நின்றாள். கட்டையில் விரல் படுமுன் மூக்கில் பட்டது மணம். தீவார் மரவள்ளங்களுக்குப் பூசும் சுறாநெய், கம்பிகளிலும், அவற்றைத் தட்டும் கம்பளித்தலைச் சுத்தியல்களிலும் ஒன்றுவிடாமல் ஊறி மின்னியது. அழுத்திய கட்டை, கிணற்றுக்குள் பேசுவோன் குரலில் முனகிற்று.

"உப்புக்காத்து இதுக்கு ஆகாதெண்டு நீதானே சொன்னனி தங்கச்சி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "என்ரை வள்ளம் இவ்வளவு காலமும் உக்காமல் கிடக்கிறது இந்த எண்ணெயாலைதான். ஒரு இடமும் விடாமல் பூசிப்போட்டன்."

சினம் அவளுக்குத் தலைக்கேறியது. இசைக்கருவியில் தூசு கண்டதற்கே அரங்கத்தாரை நடுங்க வைத்தவள் அவள். ஆனால் திரும்பிப் பார்த்தபோது, மடிப்புக் கலையாத புதுவேட்டி உடுத்து, யாரும் வருமுன்னரே முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருந்தார் தமையனார். நெய் மணம் போகாத கைகளை மடியில் ஒளித்து வைத்திருந்தார். அவள் மூடியை மெல்லச் சாய்த்துவிட்டு, நன்றாகப் பூசியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

தனக்குப் புகழ் தேடித்தந்த விரைவிசைகள் எவையும் அன்று எடுபடமாட்டா என்று அறிந்த எமிலி, அவற்றை ஒதுக்கிவிட்டு, தொடக்க மாணவருக்குக் கற்பிக்கும் எளிய மென்னிசைகளை வாசித்தாள். நெய்யில் கனத்த சுத்தியல் ஒவ்வொன்றும் மீளும்வரை காத்திருந்து, அடுத்த கட்டையை அழுத்தினாள். அந்தக் காத்திருப்பில் ஒவ்வோர் ஒலியும் அடங்குவதை, வேகத்தில் தான் என்றும் கேளாத வண்ணம் கேட்டாள். மண்டபம் முழுதும் சுறா மணத்தது. அவ்வூரில் அதை யார் பெரிதாய் எடுப்பார்? பஸ்ரியாம்பிள்ளை கண்மூடி இருந்தார், கன்னம் நனைந்திருந்தது. அதைக் கண்ட எமிலிக்கு உள்ளம் நிறைந்தது.

சில கிழமைகளின் பின் கொழும்பிலிருந்து வந்த கிறிஸ்தோப்பர் என்னும் பேழை செப்பனிடுவோன், மூக்கைப் பொத்திக்கொண்டு, எந்தப் பகைவன் இதைப் பாழாக்கினான் என்று பஸ்ரியாம்பிள்ளையின் முன்னாலேயே கேட்டுவைத்தான். பெரியவர் முகம் கறுத்தது. அவன் புதுச் சுத்தியல்களைப் பொருத்திவிட்டுப் போனதும் அவர் தங்கையிடம் வந்தார்.

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் எழும்பிப் போயிருப்பியள் அண்ணை. அந்தக் கதிரை வெறுமையாய்க் கிடந்திருக்கும்."

அவர், யாரும் அழையாமலே, மூலையில் கிடந்த கதிரையைத் தாமே இழுத்துவந்து பேழைக்கு முன்னால் போட்டு அமர்ந்தார்.

"அப்ப இன்னொருக்கா வாசி. இந்தமுறை உன்ரை எண்ணப்படி."

எமிலி தன் புகழ்பெற்ற விரைவிசையை வாசித்தாள். புதுச் சுத்தியல்கள் துள்ளின, விரல்கள் பறந்தன. முடிந்ததும், கெட்டித்தனந்தான் என்று ஒப்புக்கொண்ட தமையனார், சற்றுத் தயங்கி, திருநாளன்று வாசித்ததையே மீண்டும் வாசிக்கக் கேட்டார். அவளும் மறுக்கவில்லை. மென்மையாய், ஒவ்வோர் ஒலியும் அடங்கக் காத்திருந்து வாசித்தாள். அன்பினால் நேர்ந்த பிழையைச் செப்பனிட ஆள் வருவான், நாளும் வரும். அன்புடையார் வந்து அமர்ந்த பொழுதோ தவறவிட்டால் மீளாது. அதனைத் தவறவிடாத அவ்விருவர் மீதும் அந்தித் தென்றல் உப்பை அள்ளிவந்து தூவிக்கொண்டிருந்தது.