ஒன்றாம் எண் படம்

கம்ப்யூட்டரில் ஒன்றாம் எண் படத்தை லுயென் திறந்தாள். தொம் அக்காவின் புருஷன் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு கல்யாணப் பெண் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஹுவே நகரில் வெள்ளம் வடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சந்தைப் பெண்களெல்லாம் சேறு ஒழுகும் ஆல்பங்களோடு அவளுடைய போட்டோக் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நனைந்த படம் காய்ந்தால் சுருண்டு உதிர்ந்துவிடும். ஈரத்தோடு ஸ்கேனரில் வைத்தால் ஒரு தடவைக்குத்தான் தாங்கும்; எடுக்கும்போது சாயம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். லுயென் அதைத் துடைத்துவிட்டு அடுத்ததை வைப்பாள். ஒருவருக்கு ஒரு ஃபோல்டர், அதில் பெயரும் தேதியும் என்று எட்டு வருடமாக ஒழுங்காக இருந்தவள்தான். இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினாள். மதியம் கரண்ட் போய் வந்தது. ஸ்கேனர் படங்களுக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண் போட ஆரம்பித்தது. இதே பெயரில் படம் இருக்கிறது, மாற்றிவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்தது. "சீக்கிரம்மா, வீட்ல சேறு அப்படியே கெடக்கு" என்று வரிசையில் ஒருத்தி கத்த, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று லுயென் ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள்.

மற்றவர்களுக்கு வேறு படங்களாவது மிஞ்சும். தொம் அக்காவிடம் புருஷன் படம் என்று இருந்தது, காலையில் முதலாவதாக ஸ்கேனரில் வைத்த அது ஒன்றுதான். பதினாலு வருடத்துக்கு முன் மீன்பிடிக்கப் போய்ப் புயலில் சிக்கியவர். உடல்கூடக் கரை சேரவில்லை. நாளை மறுநாள் அவருக்குத் திதி.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்குப் போன் போட்டாள்.

"அழிச்சிருந்தா தேடிப் பாக்கலாம்க்கா. அதும் மேலயே இன்னொன்ன எழுதிட்டீங்களே."

தண்ணீரில் ஊறியே படம் போய்விட்டது என்று சொன்னால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஊரே அப்படித்தான் கிடக்கிறது. தொம் அக்கா வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் அந்தப் பொய்யை நாக்கில் உருட்டிக்கொண்டே போனாள்.

தொம் அக்கா முன்னோர் மாடத்தைக் கழுவித் துடைத்து, ஆரஞ்சுப் பழம் வைத்து, நடுவில் மட்டும் இடம் விட்டிருந்தாள்.

"பிரிண்டு போட்டாச்சா? சட்டத்தக்கூட அலம்பி வச்சிட்டேன் பாரு."

"அக்கா, தண்ணி கெடுக்கல. நான்தான் கெடுத்தேன்." நடந்ததை லுயென் ஒன்று விடாமல் சொன்னாள். அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தொம் அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்தாள்.

"பதினாலு வருஷமா தெனமும் அந்தப் படத்துக்கு முன்னாடிதான்டி நின்னேன். தெனமும் பாக்கறத யாரு பாக்கறா? இப்ப கண்ண மூடினா மொகம் வரமாட்டேங்குது." திரும்பினாள். "கடைசியாப் பாத்தவ நீதானே தங்கச்சி. சொல்லு. சிரிச்சாப்ல இருந்தாரா?"

ஸ்கேனரில் படம் கோணாமல் உட்காருகிறதா என்று லுயென் நான்கு மூலைகளைத்தான் பார்த்திருந்தாள். நடுவில் ஒரு மனிதர் இருந்தார், அவ்வளவுதான் தெரியும்.

ஊதுபத்தியின் சாம்பல் வளைந்து தொம் அக்காவின் விரலில் விழுந்தது. அவள் கையை உதறவில்லை. லுயெனின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.