இரண்டு கெட்டி மேளம்

முதல் அடி என் தம்பி எழிலனின் வாயில் விழுந்தது. இரும்புக் குழாய். பல் தெறித்துக் கீபோர்டு மேல் விழுந்தது. அவன் கத்துவதற்குள் அடுத்த அடி தோளில் இறங்கியது. அடித்தவன் பாண்டுரங்கன். அவனோடு இன்னும் சிலர் எங்கள் எடிட்டிங் ரூமுக்குள் புகுந்திருந்தார்கள். கீழே உரக்கடை வாசலில் அனந்தபுரத்து ஆட்கள் கும்பலாக நின்று, "வெளிய இழுத்துட்டு வாடா அவன" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல், செஞ்சி பஜார். கடைக்காரர்கள் எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருந்து வேடிக்கை பார்த்தார்கள். ரொம்ப நல்ல ஜனங்கள்.

"எங்க நைனா செத்துட்டாரு" என்றான் பாண்டுரங்கன். "ஆஸ்பத்திரியில இப்பதான் சொன்னாங்க. இவனும் சாவணும்."

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. மூலையில் கிடந்த ட்ரைபாடை, கேமரா நிறுத்துகிற முக்காலியைத் தூக்கி, தம்பியின் கையைப் பின்னால் முறுக்கியிருந்தவனின் காதோடு சேர்த்து ஒன்று வைத்தேன். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதற்குள் இன்னொருவன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"பொம்பளன்னு பாக்கறேன்" என்றான்.

"பாக்காதடா நாயே" என்றேன்.

எழிலன் கல்யாண வீடியோ எடுக்கிறவன், நான் அதை எடிட் பண்ணுகிறவள். முந்தின நாள் காலையில் அனந்தபுரத்து மண்டபத்தில் ஒரு கல்யாணம். பாண்டுரங்கனின் அப்பா ஜெயராமன்தான் பெண்ணுக்குத் தாய்மாமன். பெண்ணின் சித்தப்பா தங்கராஜ் வைத்த ஃப்ளெக்ஸ் பேனரில் தாய்மாமன் படம் தபால்தலை அளவுக்கு இருந்ததாம், அதிலும் பேர் போடவில்லையாம். வாய்ச்சண்டை கைகலப்பாகி, இரும்புச் சேர் ஓங்கப்பட்டு, ஜெயராமனின் மண்டை உடைந்தது. ஒரு பேனருக்காக.

மண்டபம் நிறைய ஜனம். யார் அடித்தார்கள் என்று கேட்டால் ஒருவரும் பார்க்கவில்லை என்றார்கள். தங்கராஜ் "நான் அடிக்கல" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு ஊரைவிட்டே ஓடிவிட்டான். அன்று சாயங்காலம் பாண்டுரங்கன் எழிலனுக்குப் போன் போட்டு வீடியோ கேட்டிருக்கிறான். நான் மண்டகப்பட்டில் மாமியார் வீட்டில் இருந்தேன். தம்பி மனமிரங்கி, ஜெயராமன் விழுந்து கிடந்த இடத்தை மட்டும் அவசர அவசரமாக வெட்டியெடுத்து அனுப்பிவிட்டான். விடிவதற்குள் அது ஊரில் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிவிட்டது. நான் அப்போதுதான் ரூமுக்கு வந்து சேர்ந்திருந்தேன், அதைப் பார்க்கவில்லை.

பாண்டுரங்கன் தன் போனை என் மூக்கில் இடிக்காத குறையாக நீட்டினான். "பாருடி. ஒன் தம்பி வாய்தான இது?"

பார்த்தேன். கெட்டி மேளம் கொட்டுகிறது, மணவறையில் தாலி ஏறுகிறது. படிக்குக் கீழே ஜெயராமன் மல்லாந்து கிடக்கிறார். அவர்மேல் குனிந்து நிமிர்கிறான் எழிலன், கையில் இரும்புச் சேர். அவன் வாய் திறக்கிறது. "மண்டையப் பொளடா, பொளடா" என்று கேட்கிறது.

என் தம்பிக்கு ஒருவனைத் திட்டக்கூடத் துப்பு கிடையாது. வீட்டில் அந்த வேலையையும் நான்தான் பார்க்கிறேன். அவன் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று என் மனசு சொன்னது. ஆனால் மனசு சொல்வதைக் கேட்டு யார் குழாயைக் கீழே போடுவார்கள்? மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் தவில்காரர் குச்சியை மடியில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைக்கிறார். மேளச் சத்தம் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

"இது இந்த எடத்துச் சத்தம் இல்ல" என்றேன். "வேற எடத்துச் சத்தம் வந்து இதுமேல உக்காந்திருக்குது."

"கத உடாத."

"பொய்யா இருந்தா எங்க கழுத்த அறுத்துக்கோ. அஞ்சு நிமிஷம் குடு."

பாண்டுரங்கன் கண்ணைக் காட்டினான். ஒருவன் எழிலனைத் தரையில் முட்டிபோட வைத்து, கொடுவாளைக் கழுத்தில் வைத்து அழுத்தினான். தோல் கிழிந்து சட்டைக் காலர் சிவந்தது. நான் கீபோர்டில் கிடந்த பல்லைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

எங்கள் வேலையில் படம் ஒரு மெஷினில் பதிவாகும், சத்தம் இன்னொன்றில். மணவறைத் தூணில் மைக்கைக் கட்டி ரெக்கார்டரில் தனியாக எடுப்போம். இரண்டையும் சேர்க்க சாஃப்ட்வேர் இருக்கிறது. கேமராவில் விழுந்த அரைகுறைச் சத்தத்தையும் ரெக்கார்டரின் நல்ல சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகிற இடத்தில் பொருத்திவிடும். பெரும்பாலும் சரியாகவே செய்யும். ஆனால் அதைச் செய்தவனுக்கு நம் ஊர்க் கல்யாணம் தெரியாது. மேடைக்குப் பக்கத்தில் யாராவது தும்மினாலோ, அழுதாலோ, சண்டை போட்டாலோ, அபசகுனம் காதில் விழக்கூடாது என்று பெரியவர்கள் மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டுவார்கள். அவர்களும் கெட்டி மேளம் கொட்டி அதை அமுக்கிவிடுவார்கள். அன்று சண்டையை மறைக்க ஒரு கெட்டி மேளம், பிறகு ஜெயராமன் அடிபட்டுக் கிடக்கும்போதே முகூர்த்தம் தவறாமல் கட்டிய தாலிக்கு இன்னொரு கெட்டி மேளம். எழிலன் வெட்டியெடுத்த துண்டில் இருந்தது தாலி மேளம். சாஃப்ட்வேர் அதற்குச் சண்டை மேளத்தின் சத்தத்தை எடுத்து ஒட்டிவிட்டது. சத்தத்தோடு ஓடவிட்டு ஒரு தடவை கேட்கக்கூட இல்லை என் புத்திசாலித் தம்பி, அப்படியே அனுப்பியிருக்கிறான். அவன் வாய் ஏற்கனவே கிழியாமல் இருந்திருந்தால் நானே கிழித்திருப்பேன்.

சாஃப்ட்வேரை மறுபடி தட்டிப் பார்த்தேன். அதே தப்பான இடத்தில்தான் போய் உட்கார்ந்தது. அதை அணைத்துவிட்டு, முழு வீடியோவையும் முழுச் சத்தத்தையும் விரித்து வைத்துக் கையாலேயே இழுத்தேன். தவில் குச்சி விழுகிற இடத்தில் தவில் சத்தம் விழுகிறவரை இழுத்தேன்.

"இப்ப பாரு."

ஸ்பீக்கரில் மேளம் நின்றது. தவில்காரரும் நிறுத்தினார். எழிலன் ஜெயராமன்மேல் கிடந்த சேரைத் தூக்கினான். வாய் திறந்தது. "தள்ளுங்க, தள்ளுங்க. காத்து வரட்டும். யாராச்சும் வண்டி எடுங்க."

கைக்கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். ட்ரைபாடில் வைத்த கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்து அவனையே பிடித்துவிட்டது. காப்பாற்றப் போனவனை இப்படி அடித்துப் போட்டிருக்கிறார்களே என்று நெஞ்சு எரிந்தது.

கொடுவாள் கழுத்தை விட்டுக் கொஞ்சம் விலகியது. பாண்டுரங்கன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பொளடான்னு சொன்னது யாரு?"

"நானும் இன்னும் பாக்கல."

"போடு. எவனா இருந்தாலும் அவன் வூட்டையே கொளுத்தறேன்."

சண்டை மேளத்துக்குப் போனேன். படிக்குக் கீழே தங்கராஜின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் ஜெயராமன். முகம் கோணியிருக்கிறது. பக்கத்தில் பாண்டுரங்கன், தலைக்கு மேலே ஓங்கிய இரும்புச் சேரோடு. ஜெயராமன் மகனைத் திரும்பிப் பார்த்துக் கத்துகிறார். "மண்டையப் பொளடா, பொளடா." சேர் இறங்குகிறது. தங்கராஜ் குனிகிறான். ஜெயராமன் குனியவில்லை.

உடனே கூட்டம் மூடிக்கொள்கிறது. பின்னாலிருந்து யாரோ பாண்டுரங்கனை இழுத்துப் போகிறார்கள்.

ஊரே திரும்பத் திரும்பக் கேட்ட அதே சத்தம்தான். எழிலன் வாயில் இருந்தவரை அது எழிலனின் குரலாக இருந்தது. எங்களைப் பெற்ற அம்மாவே போனில் கேட்டுவிட்டு, "ஏன்டா இப்பிடிச் சொன்ன" என்று அவனிடம் அழுதாளாம். பாண்டுரங்கனுக்கும் அது தன் அப்பாவின் குரல் என்று தெரியவில்லை. கண் காட்டிய வாயில்தான் காது குரலைப் பொருத்துகிறது. இப்போது அது ஜெயராமன் வாய்க்குப் போனதும், ஜெயராமன் குரலைத் தவிர வேறு எதுவாகவும் இல்லை.

"இன்னொரு வாட்டி போடு" என்றான். போட்டேன். "இன்னொரு வாட்டி." போட்டேன்.

"நான் தங்கராஜத்தான் அடிச்சேன்" என்றான். "சேர எவனோ கையில இருந்து புடுங்கி நைனாவ அடிச்சிட்டான்னு நெனச்சேன்." பிறகு கொடுவாள் வைத்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"எப்பிடிண்ணா சொல்றது" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பாண்டுரங்கன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தான். இடது கையால் குழாயை ஓங்கி அதன்மேலேயே இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கி அடித்தான். கூட வந்தவர்கள் பாய்ந்து பிடிப்பதற்குள் விரல்கள் நசுங்கிவிட்டன. அவன் கத்தவே இல்லை, சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அக்கா" என்றான். இத்தனை நேரம் 'டி' போட்டவன். "பழையபடியே வெச்சிடுக்கா. அம்மா பாக்கும்."

நான் நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பினேன்.

"ஒன் தம்பிக்கு வைத்தியம் நான் பாக்கறேன். கீழ இருக்கறவங்கள நான் அனுப்பிடறேன். போலீசுலயும் நானே பேசறேன். அந்தக் கொரலு மட்டும் அவன் வாயிலயே இருந்துட்டுப் போவட்டும். அம்மா தாங்காதுக்கா."

பாவமாகத்தான் இருந்தது. அவன் அம்மா ராஜாம்பாள் இந்நேரம் புருஷன் உடம்பு வீட்டுக்கு வருவதற்காகக் காத்துக்கொண்டிருப்பாள். கொன்றவனைப் பிடித்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் மகன் கிளம்பியிருப்பான். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் என் தம்பி தரையில் கிடந்தான். பேச வாயில்லாமல் என் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். கீழே கும்பல், "இன்னாடா பண்றீங்க, அவன இழுத்துட்டு வாங்கடா" என்று கதவை உதைத்துக்கொண்டிருந்தது.

ஜெயராமன் கத்தி, சேர் இறங்குகிற அந்த இடத்தை மட்டும் வெட்டி, பழைய துண்டு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு போனில் கெட்டி மேளம் கேட்டது. பிறகு இன்னொரு போனில். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாப் போனிலும் "பொளடா" என்று கேட்டது. கதவை உதைப்பது நின்றது. யாரோ ஒருவன், "அப்ப அவன்தானாடா" என்றான். பாண்டுரங்கனோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிப் படியிறங்கினார்கள்.

பாண்டுரங்கன் சட்டைப் பையில் போன் அடித்தது. நசுங்கிய கையால் எடுக்க முடியவில்லை, இடது கையால் இழுத்துத் தரையில் போட்டான். திரையில் 'அம்மா' என்று இருந்தது. அடித்து நின்று மறுபடி அடித்தது.

"நீ எடுத்துப் பேசுக்கா" என்றான்.

நான் எடுக்கவில்லை. தம்பியின் கையை என் கழுத்தில் போட்டுத் தூக்கி நிறுத்தினேன். போன் அடித்துக்கொண்டிருக்கும்போதே அவனைத் தாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.