காவிரி தங்கிப் போன வீடு

கோடையில் மணல் தெரியத் தொடங்கியதும் காவிரி ஊருக்குள் வந்து யாராவது ஒருவர் வீட்டில் தங்கும். ஆடி பதினெட்டுக்குத் திரும்பிப் போகும். அதுவரைக்கும் அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் அரிசி மண்டிக்காரர் வீட்டில் தங்கியது. அது மாடி வீடு. ஆற்றுக்குப் படியேறும் பழக்கம் இல்லாததால் கீழேயே இருந்துவிட்டுப் போனது. இந்த வருஷம் சிற்றம்பலத்தின் முறை.

சிற்றம்பலம் மினி பஸ் ஓட்டுகிறவர். அவர் மனைவி அமிர்தவல்லிக்கு ஆறு வருவதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பாய் தலையணைகளைப் பரணில் ஏற்றினாள். அரிசி டப்பாவை அலமாரியின் மேல் வைத்தாள். கிரைண்டரைத் தூக்க முடியவில்லை, அப்படியே விட்டாள். அவளுக்கு இருந்த கவலை வேறு. அவளிடம் இருந்தது பாதி வீடுதான்.

சிற்றம்பலத்தின் தம்பி குவைத்துக்குப் போன பிறகு, தம்பி மனைவி தில்லைநாயகிக்கும் அமிர்தவல்லிக்கும் சண்டை வந்து, கூடத்தின் நடுவே வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரு சுவர் எழும்பியிருந்தது. வடக்குப் பாதியில் இவர்கள். தெற்குப் பாதியில் தில்லைநாயகி தனியாக. சண்டையின் காரணம் இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் சின்னதாகத் தெரியும் என்பதால் இருவருமே சொல்வதில்லை. ஆறு வருஷமாகப் பேச்சும் இல்லை.

"பாதி வீட்டுல ஆறு எப்படிங்க தங்கும்?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

"வந்து பாத்துக்கும்" என்றார் சிற்றம்பலம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காவிரி வந்தது. கொஞ்ச நேரம் வாசலில் நின்று சுவரைப் பார்த்தது. பிறகு சுவரின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்தது. சாயங்காலத்துக்குள் சுவர் கரைந்து மணலாகிவிட்டது. நடுவில் மட்டும் இடுப்புயரத்துக்கு ஒரு துண்டு மிஞ்சியது. அதில் உடனே புல் முளைத்து அது ஒரு திட்டு ஆயிற்று.

கூடம் அப்படியொன்றும் அகலமில்லை. ஆறு அகலம். கூடம் ஆற்றின் அகலத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் சுவர் போன பிறகும் தில்லைநாயகியை அருகில் பார்க்க முடியவில்லை. அவள் அக்கரையில், விரல் அளவுக்கு, கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எதையோ உரித்துக்கொண்டிருந்தாள். பூண்டாக இருக்கும் என்று அமிர்தவல்லி நினைத்தாள். தில்லைநாயகி பக்கத்துத் தெற்குச் சுவருக்குப் பச்சை பெயின்ட் அடித்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. நல்ல பச்சை.

மறுநாள் காலையிலிருந்து மற்றவர்கள் வந்தார்கள். நீர்நாய்கள் குடும்பமாக வந்து கிரைண்டருக்கு அடியில் இடம் பிடித்தன. மீன்கொத்தி மின்விசிறியின் இறக்கையில் உட்கார்ந்தது. அந்தக் கோடை முழுக்க விசிறியைப் போடவில்லை. முதலை குளியலறையை எடுத்துக்கொண்டது. சிற்றம்பலம் குளிக்கப் போகுமுன் கதவைத் தட்டுவார். முதலை வெளியே வந்து ஓரமாகப் படுத்துக்கொள்ளும். ஆமைகள் பூஜை அலமாரிக்குக் கீழே வெயில் காய்ந்தன. அங்கே வெயில் வராது. ஆமைகள் வந்த பிறகு வந்தது.

ஆறு தன் பருவங்களை வெளியே விட்டுவிட்டு வருவதில்லை. தெருவில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, வீட்டுக்குள் புரட்டாசி இடி இடித்தது. அதன் பின்னால் ஐப்பசி வந்து அடுப்படி வரைக்கும் அடைமழை பெய்தது. சிற்றம்பலம் குடை பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வேலைக்குப் போவார். மார்கழி வந்தபோது அவர் குரங்குக் குல்லாயோடு வண்டி எடுக்கப் போனார். பயணிகள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வீட்டில்தானே இந்த வருஷம்.

அமிர்தவல்லிக்கு இத்தனை நாளும் ஆறு என்றால் துணி துவைக்கிற இடம். இப்போது விடிந்தால் கரையில், அதாவது பீரோவுக்குப் பக்கத்தில், காப்பியோடு உட்கார்ந்துவிடுவாள். மழை நின்ற அன்று நாணல் ஒரே ராத்திரியில் பூத்துக் கூடமே வெள்ளையாக ஆடியது. பனிக்காலத்தில் எங்கோ வடக்கேயிருந்து வாலாட்டிக் குருவிகள் ஜன்னல் வழியாக வந்து, தரையில் வாலை ஆட்டி ஆட்டி நடந்தன. நீர்நாய்க் குட்டிகளுக்குத் தாய் நீச்சல் பழக்கியது. குட்டிகள் இறங்க மாட்டேன் என்று கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு கத்தின. தாய் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தண்ணீரில் போட்டது. அமிர்தவல்லி சிரித்தாள். அக்கரையிலும் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஐப்பசி மழையில் அக்கரை விளக்கு இரண்டு நாள் எரியவில்லை. தில்லைநாயகி போர்த்திப் படுத்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. அமிர்தவல்லி மிளகு ரசம் வைத்து, மூடி போட்ட தூக்கில் ஊற்றி, தூக்கின் வெளிப்பக்கத்தைக் கழுவக் கரைக்குப் போனாள். தூக்கு கை நழுவிவிட்டது. அவள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். தூக்கு தண்ணீரில் மிதந்து, சுழித்து, நீர்நாய் ஒன்று மூக்கால் தள்ள, மெல்லத் தென்கரை போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. நன்றாகத் துலக்கி, உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. அமிர்தவல்லி அதைச் சிற்றம்பலத்திடம் சொல்லவில்லை. அன்று சாப்பாட்டில் எலுமிச்சம்பழச் சாதம் இருந்தது. அவரும் கேட்கவில்லை.

மழை விட்டதும் திட்டுக்கு நத்தைகுத்தி நாரைகள் ஜோடியாக வந்தன. அலகு நடுவில் சேராமல் சந்து விட்டிருக்கும் பறவை. நத்தையை ஓடு உடையாமல் உருவி எடுக்க அந்தச் சந்து வேண்டும். ஆண் நாரை கூட்டுக்குக் குச்சி தேடி வடகரைக்கு வந்து அமிர்தவல்லியின் துடைப்பத்திலிருந்து உருவியது. பிறகு தென்கரைக்குப் போய்த் தில்லைநாயகியின் துடைப்பத்திலிருந்தும் உருவியது. கூடு முடிந்தபோது இரண்டு வீட்டிலும் துடைப்பம் இல்லை. பெருக்க இடமும் இல்லாததால் பரவாயில்லை என்று விட்டார்கள். பெட்டை மூன்று முட்டை இட்டது. வீட்டுக்குள் தை பிறந்தபோது குஞ்சுகள் பொரித்தன.

தெருவில் அப்போது ஆடி பிறந்திருந்தது.

கும்பகோணம் பக்கமிருந்து உலகநாதன் என்ற விவசாயி இன்னும் இரண்டு பேரோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அமிர்தவல்லி மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நாத்து விட்டாச்சும்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்த அனுப்பி வச்சீங்கன்னா போதும்" என்றார்.

"அனுப்பாம என்ன, அது எங்க வீட்டு ஆறா?" என்றாள் அமிர்தவல்லி.

உள்ளே வந்து திட்டைப் பார்த்தாள். குஞ்சுகள் மூன்றும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு இறக்கையை விரித்துப் பழகிக்கொண்டிருந்தன. மூன்றாவது அதுவும் இல்லை. ஆறு போய்விட்டால் நத்தை போய்விடும். நத்தை இல்லாமல் குஞ்சுகள் நாலு நாள் தாங்காது. ஆறு போகாவிட்டால் கீழே நாற்று காயும். அவள் காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு வாரம் தள்ளிப் போகச் சொல்லிப் பாருங்களேன்" என்றாள் கணவரிடம்.

சிற்றம்பலம் கரையில் நின்று ஆற்றிடம் எடுத்துச் சொன்னார். நிதானமாக, மரியாதையாகத்தான் சொன்னார். ஆறு கேட்டுக்கொள்ளாமல் ஓடியது.

வாசலில் இருந்தபடியே உலகநாதன் சொன்னார். "ஒரு கரை சொல்றத ஆறு எடுத்துக்காதுங்க. ரெண்டு கரையும் சேந்து சொல்லணும். எங்க பக்கமும் அப்படித்தான்." மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "தள்ளிப் போகவும் வேண்டாங்க. ஒரு வாய்க்கால இங்க விட்டுட்டுப் போகச் சொல்லுங்க. எங்களுக்கு அதனால ஒண்ணும் கொறஞ்சிடாது."

சிற்றம்பலம் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அன்று பூராவும் அவள் பரணைத் துடைத்தாள், துடைத்த டப்பாக்களையே மறுபடி துடைத்தாள். மறுநாள் காலை, நாரை முதல் நத்தையோடு வந்து இறங்கிய நேரத்தில், கரைக்குப் போய் நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"நாயகி" என்று கூப்பிட்டாள்.

குரல் அக்கரை சேர நேரம் பிடித்தது. வழியில் ஒரு நீர்க்காகம் அதைக் குறுக்கே கடந்து பறந்தது. அமிர்தவல்லி காத்துக்கொண்டு நின்றாள். சேராமல் போயிருக்கலாம் என்று நினைத்தாள். சேர்ந்தும் பதில் இல்லாமல் இருக்கலாம் என்றும் நினைத்தாள்.

"என்னக்கா?" என்று வந்தது.

அமிர்தவல்லி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"குஞ்சுங்க இன்னும் பறக்கல."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கடைக்குட்டி இறக்கையே விரிக்கல. ராத்திரி அதுக்கு அவங்க அம்மா ரெண்டு நத்தை கூடுதலா குடுக்குது."

"ஆத்துக்கிட்ட ஒரு வாய்க்கால் கேக்கணும். நாம ரெண்டு பேரும் சேந்து கேக்கணுமாம்."

தில்லைநாயகி எழுந்து கரைக்கு வந்தாள். கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது.

"வாய்க்கா எந்தப் பக்கமா ஓடும்க்கா?" என்று கேட்டாள்.

சுவர் எழும்பிய காலத்திலும் இப்படித்தான் ஒரு கேள்வி இருந்தது, எந்தப் பக்கம் என்று. அமிர்தவல்லி அதை யோசித்துக்கொண்டு நின்றாள்.

"உன் பக்கமே ஓடட்டும்."

தில்லைநாயகி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "எதுக்கு? நடுவுலயே ஓடட்டும்."

இருவரும் சேர்ந்து கேட்டார்கள். ஆறு ஒரு கணம் நின்று கேட்டது. மீன்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றன. பிறகு ஓடத் தொடங்கியது.

பதினெட்டாம் தேதி ஊர்ப் பெண்கள் மஞ்சள் சரடும் காதோலை கருகமணியும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே வந்தார்கள். கும்பிட்டு முடித்ததும் காவிரி கிளம்பியது. மீன்கொத்தி விசிறியை விட்டு எழுந்தது. நீர்நாய்கள் வரிசையாகப் போயின. இப்போது குட்டிகள்தான் முன்னால் நீந்தின. முதலை தூங்கிப்போயிருந்தது, சிற்றம்பலம் கதவைத் தட்டி எழுப்பினார். ஆற்றை முன்னால் விட்டு உலகநாதனும் மற்ற இருவரும் பின்னால் நடந்தார்கள். தெருமுனையில் அவர் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

கூடம் தன் பழைய அகலத்துக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் ஓடியது. அதற்கென்று ஒரு சின்னக் கார்த்திகையையும் ஆறு விட்டுப் போயிருந்தது. கணுக்கால் வரைக்கும் இளங்குளிர், அதற்கு மேல் ஆடி மாதத்துப் புழுக்கம். வாய்க்காலின் இந்தக் கரையில் அமிர்தவல்லியும் அந்தக் கரையில் தில்லைநாயகியும் உட்கார்ந்தார்கள். கை நீட்டினால் தொடுகிற தூரம். இவ்வளவு கிட்டத்தில் என்ன பேசுவது என்று இருவருக்கும் முதலில் தெரியவில்லை. நத்தையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு குவைத்தைப் பற்றி, அங்கே குழாயில் வருகிற தண்ணீரின் ருசியைப் பற்றி. பிறகு மருமகப்பிள்ளை தேடுகிற யாரையோ பற்றி. அந்தப் பழைய சண்டையைப் பற்றி ஒரு நாள் தில்லைநாயகி பேச்செடுத்தாள். சொல்லி முடித்ததும் அது சின்னதாகத்தான் இருந்தது. அமிர்தவல்லி அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வாய்க்காலில் விட்டாள். நாரை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டது.

பெரிய குஞ்சுகள் இரண்டும் பறந்தன. கடைக்குட்டி திட்டிலேயே நின்றது. தாய் நத்தையைக் கொண்டுவந்து, கொடுக்காமல், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து காட்டியது. குஞ்சு அழுதது.

"வாடா செல்லம்" என்றாள் தில்லைநாயகி.

"நீ பேசாம இரு நாயகி, அதுவா வரும்" என்றாள் அமிர்தவல்லி. ஆனால் அவள் கையும் குஞ்சை ஏந்துகிற மாதிரி நீண்டிருந்தது.

குஞ்சு குதித்தது. விழுகிற மாதிரி போய், வடக்குச் சுவரில் இடிக்கப் பார்த்து, திரும்பி, தெற்குப் பச்சைச் சுவர் வரைக்கும் போய், கூடத்தை முழுசாக ஒரு வட்டம் அடித்து ஜன்னல் வழியாக வெளியேறியது. இரண்டு பெண்களும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஓடும்போது தில்லைநாயகி வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. நாரைகள் ஐந்தும் ஆற்றுப் பக்கம் போவது வெகுநேரம் தெரிந்தது.

மறுநாள் காலை வாய்க்கால் தன் கார்த்திகையைச் சுருட்டிக்கொண்டு வாசல் வழியாக ஆற்றைத் தேடிப் போனது. தரையில் ஈர மணல் மட்டும் கிடந்தது. சிற்றம்பலம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செங்கலுக்குச் சொல்லணுமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"ரெண்டு துடைப்பம் வாங்கிட்டு வாங்க" என்றாள் அமிர்தவல்லி.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, வாசல்படி வரைக்கும் போய் ஒதுங்கி நின்றார். வாசலில் கொல்லிமலை நின்றுகொண்டிருந்தது. தூரம் நடந்து வந்திருக்க வேண்டும், அதன் மேலிருந்து மேகம் மேகமாக மூச்சு வாங்கியது. தோளில் பலாமரங்களும் குரங்குகளும் இருந்தன.

தில்லைநாயகி கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வாங்க, உள்ள வாங்க" என்றாள். "கொஞ்சம் குனிஞ்சு வாங்க. நிலைப்படி தாழ்வு."