இரண்டு விரல் மேலே

...தாடியின் கீழ்க்கோடு, குரல்வளை துருத்திக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் மேலே, அது சரி, ஆனால் யாருடைய விரல்? சலூன்காரர் சொல்லவில்லை, அவனும் கேட்டுக்கொள்ளவில்லை, வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசலில் நின்றபடி விசாரித்துவிட்டு ஓடினால் இப்படித்தான். அவன் விரல் மெலிசு, அண்ணன் விரல் தடிமன், நூலிழை வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம், இது கால் அங்குலம் வரும் போலிருக்கிறதே. மணி மூன்று பத்து. நான்கு மணிக்கு அண்ணி வருகிறாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பிளாஸ்டிக் முக்காலியில், தோளில் பழைய துண்டோடு அண்ணன் உட்கார்ந்திருக்கிறான், நிமிரு என்றதும் நிமிர்ந்தான், மேலே பார் என்றதும் மேலே பார்த்தான், அப்படியே இருக்கிறான், கூரையின் ஈரக் கறையைப் பார்க்கிறானா, அதையும் தாண்டி எதையாவது பார்க்கிறானா, யார் கண்டது. ஏழு மாதமாக இப்படித்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறான், தூங்கு என்றால் கண்ணை மூடிக்கொள்கிறான், ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரும்போது விட்ட இடத்திலேயே இருக்கிறான், குடையை வைத்துவிட்டுப் போன மாதிரி.

இதே அண்ணன்தானே காலை ஆறரைக்கெல்லாம் மழமழவென்று சவரம் செய்து, டை கட்டி, மாதிரி மருந்துகள் அடைத்த தோல்பையோடு கிளம்பியவன், டாக்டரைப் பார்க்க மற்ற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இரண்டு மணி நேரம் காத்திருக்கும்போது வாசலில் இருக்கும் நர்ஸம்மாவைச் சிரிக்கவைத்தே உள்ளே போய்விடுவானே. மூஞ்சிதான்டா எனக்கு முதலீடு என்பான். கம்பெனி ஒரே நாளில் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது, இருபத்தொன்பது பேர் ஒரு வாரம் திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலை தேடிப் போனார்கள், அண்ணன் மட்டும் சவரத்தை நிறுத்தினான். முதலில் சவரம், பிறகு குளியல், பிறகு பேச்சு. கொஞ்ச நாள் தம்பியோட இருந்துட்டு வரேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு ஒரு பையோடு இந்த ஒற்றை அறைக்கு வந்தான். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று தம்பி அன்றைக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மட்டும்? டாக்டரிடம் கூட்டிப்போனான், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்த அண்ணன், "இத நானே வித்திருக்கேன்டா" என்றான், அதற்குப் பிறகு வேடிக்கையாக ஒரு வார்த்தை வந்ததில்லை. வேலை முடிந்து அவன் போய்க்கொண்டிருந்த மாலை வகுப்பை விட்டு நான்கு மாதம் ஆகிறது. அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் பலகையில் எழுதுவது எதுவும் மண்டையில் ஏறவில்லை, வீட்டுக் கதவுதான் கண்ணுக்குள் நிற்கிறது, திறந்தால் என்ன இருக்குமோ என்று.

முந்தாநாள் அண்ணி போனில் பேசினாள், அழாமல், ஒன்றுக்கு நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவள் மாதிரி. "தம்பி, எனக்கு மாற்றல் வந்துடுச்சு. திங்கக்கிழம வீட்டக் காலி பண்றேன். வண்டியில மூணு பேர் ஏறுறதா, ரெண்டு பேர் ஏறுறதான்னு உங்கண்ணன் மூஞ்சிய நேர்ல பாத்துதான் முடிவு பண்ணுவேன். கோவிச்சுக்காதீங்க. பாப்பா போன்ல அவரப் பாத்துட்டு யாரும்மா இதுன்னு கேக்குது. என்னால ஒரு குழந்தையத்தான் தூக்க முடியும்." அவன் கோவித்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் இருந்தால் இந்த அளவுக்குக்கூடப் பொறுத்திருப்பானா, சந்தேகம்தான். நேற்று அண்ணனைச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனான், வாசல் வரைக்கும் அண்ணன் வந்துவிட்டான், உள்ளே நாற்காலியில் நுரையோடு இருந்த ஒரு ஆள், "அட, வாங்க சார், ஆளயே காணோம்! இப்ப எந்தக் கம்பெனி?" என்று கேட்டுத் தொலைத்தான், அவ்வளவுதான், அண்ணன் திரும்பி நடந்துவிட்டான். சரி, நானே பண்ணிவிடுறேன், முழுசா எடுத்துடலாமா என்று கேட்டதற்கு, "வேணாம்டா. கன்னம் உள்ள போயிருக்கு. பாத்தா பயந்துடுவா. ஓரத்த மட்டும் ஒழுங்கு பண்ணு" என்றான். எத்தனை வார்த்தை! பயந்துடுவா என்கிறான், அப்படியென்றால் அவள் வருவது அவனுக்குள் எங்கோ போய்த் தைத்திருக்கிறது, இல்லையா? அதை நம்பித்தான் இன்று அரைநாள் லீவு, அதை நம்பித்தான் இரவல் வாங்கிய இந்த ட்ரிம்மர்.

தாடிக்குக் கோடு போட்டுவிட்டான். இரண்டு விரல் வைத்து, நடுவிலிருந்து காது வரைக்கும் வளைவாக, கோட்டுக்குக் கீழே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டான், பார்க்க நன்றாகவே இருந்தது. "இப்ப தலைய இறக்குண்ணா." இறக்கினான். கோடு தாடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கீழே வெளுத்த கழுத்து, உரித்த கோழி மாதிரி தொளதொளவென்று. ஐயோ, என்ன காரியம் செய்தேன்... துணி ஆல்டரேஷன் கடையில் அவன் வேலையே அளவெடுப்பது, நாடாவைக் கண்டதும் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள், ஏதாவது பேச்சுக் கொடுத்து, மூச்சு இறங்கியதும் சட்டென்று அளவைப் பிடித்துக்கொள்வான், எக்கிய வயிற்றுக்கு வெட்டினால் பேண்ட் வாசல் தாண்டாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவனே சொல்லியிருக்கிறான், அவன் போய் நிமிர்த்திய கழுத்தில் கோடு போட்டிருக்கிறான். நிமிர்ந்தபடியேவா அண்ணன் அண்ணியிடம் பேசப்போகிறான்? மெலிந்தவன் கழுத்துத் தோல் இழுத்தால் எவ்வளவு வரும், விட்டால் எவ்வளவு தொங்கும், கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா? எடுத்ததை ஒட்டவா முடியும். அண்ணன் கண்ணாடியைப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான், பிறகு, "ஹெல்மெட் வார் மாதிரி இருக்குடா" என்றான். அவன் ட்ரிம்மரை அணைத்துவிட்டு நின்றான். அண்ணன் வேடிக்கை பேசுகிறான். எத்தனையோ மாதம் கழித்துப் பேசுகிறான். சிரிக்க வேண்டும், சிரித்தால் கலைந்துவிடுமோ, "அப்ப வண்டி ஓட்டலாம்" என்று என்னவோ உளறினான், அண்ணன் உதட்டோரம் அசைந்ததா, இல்லை தாடி அசைந்ததா?

போகட்டும், சரிசெய்துவிடலாம், தாடையின் மேல் கொஞ்சம் குட்டையாக்கினால் கோடு கண்ணில் குத்தாது. வலது பக்கம் குறைத்தான், இடது பக்கம் கூடுதலாகத் தெரிந்தது, இடது பக்கம் குறைத்தான், வலது பக்கம் இறங்கித் தெரிந்தது, இந்த விளையாட்டுக்கு முடிவே கிடையாது, நிறுத்து, நிறுத்து. மூன்று நாற்பது. இனி கழுத்தை மட்டும் ரேசரால் வழித்தால் முடிந்தது. நுரை தடவினான், தோலை இழுத்துப் பிடித்தான், ஒரு இழுப்பு, இரண்டு, மூன்றாவது இழுப்பில் கை சறுக்கியது. வெள்ளை நுரைக்குள் சிவப்பு மெதுவாக விரிந்தது. சின்ன வெட்டு இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு இருக்கும். வெட்டிய அவன்தான் ஸ்ஸ் என்றான். அவன் உடம்புதான் தூக்கிப்போட்டது. அண்ணன் தோள் அசையவில்லை. இமை அசையவில்லை. எச்சில்கூட விழுங்கவில்லை. "வலிக்குதாண்ணா?" என்றான் பதறிப்போய். "எங்க?" என்று கேட்டான் அண்ணன். வேண்டுமென்று கேட்கவில்லை, மரியாதையாக, வழி கேட்கிற ஆளிடம் எந்தத் தெரு என்று விசாரிப்பதைப் போலக் கேட்டான். பஞ்சை வைத்து அழுத்தினான், பெருவிரலுக்குக் கீழே நாடி தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது, யாரும் குடியில்லாத வீட்டில் ஓடுகிற கடிகாரம் போல. இவ்வளவு நேரமாக இந்தக் கழுத்தை நீட்டிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறானே, தம்பி கை என்ற நம்பிக்கையில் என்று அல்லவா நினைத்திருந்தான்...

அண்ணியிடம் சொல்ல வேண்டும். தாடியைப் பார்த்து அவள் என்ன கண்டுபிடிக்கப்போகிறாள், இதைத்தான் சொல்ல வேண்டும், வெட்டினேன், அண்ணன் உணரவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் அண்ணி, பாப்பாவோடு தனியாக விடாதீர்கள் என்று. சொன்னால் வண்டியில் இரண்டு பேர்தான் ஏறுவார்கள். கீழே ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. கட்டம் போட்ட சட்டையை எடுத்து அண்ணனுக்கு மாட்டிவிட்டான், ஒரு கை, இன்னொரு கை, பட்டன்களைக் கீழிருந்து போட்டுக்கொண்டே வந்தான், கழுத்துப் பட்டனையும் போட்டான், காலர் மேலே ஏறி வெட்டு மறைந்தது. "இறுக்குதா?" "தெரியலடா." படியில் செருப்புச் சத்தம், நிதானமாக, ஒவ்வொரு படியாக. சவரத்தில் அப்படிச் சறுக்கிய கை, இந்தப் பட்டனை ஒரே தடவையில் போட்டுவிட்டதை அப்போதுதான் கவனித்தான். அண்ணனுக்காகத்தான், வேறு யாருக்காக, என்று சொல்லிக்கொண்டான். வேறு யாருக்காக? என்று மறுபடியும் வந்தது, கூடவே மாலை வகுப்பின் பலகையும் வந்தது, இந்தத் தடவை அது பதிலுக்காக நின்றது, அண்ணி கதவைத் தட்டினாள்.